மூன்று முறை தட்டியும் கிடைக்காத 60 சதுர அடி

கோலாலம்பூர் செந்தூல் பக்கம் ஒரு பழைய ஒற்றை மாடி தெரஸ் வீடு. தீபாவளிக்கு முன்பு தரை டைல்ஸ் மாற்றித் தர வேண்டும் என்று எடுத்த வேலை. அந்த ஒரு வேலையில் என் கையிலிருந்து போனது 3,772 வெள்ளி 40 காசு, கூடவே ஒன்பது நாள். காரணம் கள்ளச் சரக்கும் இல்லை, ஆள் ஏமாற்றியதும் இல்லை. கால்குலேட்டரில் வழுக்காமல் தட்டி, வந்த விடையைச் சரியாகப் படித்து, அதை நம்பியதுதான். அப்போது யாரிடமும் சொல்லக்கூட எனக்கு வாய் வரவில்லை. இத்தனை வருடம் தொழில் செய்கிறவன் பெருக்கல் கணக்கில் விழுந்தேன் என்று எப்படிச் சொல்வது? இப்போது சொல்கிறேன். "கையிலேயே போன் இருக்கு, பிள்ளைங்க எதுக்கு வாய்ப்பாடு மனப்பாடம் பண்ணணும்" என்று வீட்டுக்கு வீடு கேட்கிறார்கள். அதற்கு என் பதில் இந்தக் கணக்குத்தான்.

முதலில் அளவு. ஹாலும் பின்னால் இரண்டு அறைகளும் ஒரே டைல்ஸ். ஹால் 19 அடி 10 அங்குலத்துக்கு 14 அடி 11 அங்குலம். முதல் அறை 11 அடி 10 அங்குலத்துக்கு 9 அடி 11 அங்குலம். இரண்டாவது 12 அடி 10 அங்குலத்துக்கு 10 அடி 11 அங்குலம். இதையெல்லாம் அட்டையில் நான் எழுதியது இப்படி: 19.10 x 14.11, 11.10 x 9.11, 12.10 x 10.11. தளத்தில் பாதிப் பேர் இப்படித்தான் எழுதுகிறோம். அடிக்கும் அங்குலத்துக்கும் நடுவில் ஒரு புள்ளி. காகிதத்தில் அந்தப் புள்ளி வெறும் தடுப்பு. கால்குலேட்டரில் அதே புள்ளி பத்தில் ஒரு பங்கு, நூறில் ஒரு பங்கு என்று பிரிக்கிற தசமப் புள்ளி. ஒரு அடிக்குப் பத்து அங்குலம் இருந்தால் இரண்டும் ஒன்றாகியிருக்கும். இருப்பதோ பன்னிரண்டு.

தட்டினேன். ஹால் 269.5, முதல் அறை 101.12, இரண்டாவது 122.33. மொத்தம் 493 சதுர அடி. வெட்டுச் சேதத்துக்குப் பத்து விழுக்காடு சேர்த்து 542. 60-க்கு 60 சென்டிமீட்டர் டைல்ஸ், பெட்டிக்கு நான்கு கல், 1.44 சதுர மீட்டர், அதாவது 15.5 சதுர அடி. வகுத்தால் 34.98. முப்பத்தைந்து பெட்டி. கச்சிதமாக வந்ததே என்று மனத்துக்குள் ஒரு திருப்திகூட வந்தது. சந்தேகத்துக்கு மூன்று முறை தட்டிப் பார்த்தேன். மூன்று முறையும் அதே 34.98.

இங்கேதான் முதல் பாடம். ஒரு கணக்கை அதே எண்களோடு அதே வழியில் திரும்பத் தட்டுவது சரிபார்ப்பே ஆகாது. விரல் வழுக்கியிருந்தால் மட்டும் அது பிடிபடும். உள்ளே போட்ட எண்ணே தவறு என்றால் நூறு முறை தட்டினாலும் நூறு முறையும் ஒரே பொய்தான் வரும். சரிபார்ப்பது என்றால் வேறு வழியில் அந்த விடைக்குப் போய்ச் சேர வேண்டும். அந்த வேறு வழி பெரும்பாலும் மனக்கணக்குத்தான்.

அதே ஹாலை மனத்தில் போட்டுப் பாருங்கள். 19 அடி 10 அங்குலம், கிட்டத்தட்ட 20. 14 அடி 11 அங்குலம், கிட்டத்தட்ட 15. இருபது பதினைந்து முந்நூறு. உண்மை அளவு அதைவிடக் கொஞ்சம் குறைவு. எவ்வளவு குறைவு? நீளத்தில் 2 அங்குலம் குறைகிறது, அதாவது அடியில் ஆறில் ஒரு பங்கு. பதினைந்து அடி நீளத்துக்கு அந்தப் பட்டை இரண்டரை சதுர அடி. அகலத்தில் 1 அங்குலம், அடியில் பன்னிரண்டில் ஒரு பங்கு. இருபது அடிக்கு அந்தப் பட்டை ஒன்றே முக்காலுக்குச் சற்றுக் குறைவு. இரண்டும் சேர்ந்து நாலு சதுர அடிக்குக் கொஞ்சம் மேல். முந்நூறில் நாலு போனால் 296. சரியான விடை 295.85. பேனாவும் வேண்டாம், போனும் வேண்டாம். கால்குலேட்டர் 269.5 காட்டியபோது, "மூன்று அங்குலம் குறைந்ததற்கு முப்பது சதுர அடி எப்படிக் குறையும்" என்று நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. திரையில் எண் தெரிந்துவிட்டால் மனம் கேள்வி கேட்பதை நிறுத்திவிடுகிறது. மற்ற இரண்டு அறைகளும் இப்படித்தான். பன்னிரண்டு பத்து நூற்றிருபது என்று தமிழ்ப்பள்ளியில் இரண்டாம் ஆண்டில் பாடியவன், 101 என்று வந்ததைப் பார்த்தும் தாண்டிப் போனேன்.

உண்மையான மொத்தம் 553 சதுர அடி. விடுபட்டது 60. சேதம் சேர்த்தால் வாங்கியிருக்க வேண்டியது 40 பெட்டி. ஐந்து பெட்டி குறைவு. பெட்டி 74 வெள்ளி 40 காசு. முதல் நாளே தெரிந்திருந்தால் 372 வெள்ளியோடு முடிந்திருக்கும்.

பின்னால் இருந்து வாசலை நோக்கி ஒட்டிக்கொண்டு வருவதுதான் வழக்கம். அதனால் அறைகள் இரண்டும் முதலில் முடிந்தன, ஹால் கடைசி. வாசல் பக்கம் மூன்றரை அடி அகலத்துக்கு வெறும் சிமெண்டுத் தரை கிடக்கும்போது டைல்ஸ் ஒட்டுகிறவர் எழுந்து நின்று, "பாஸ், தா சுக்குப்" என்றார். போதாது. உடனே கெப்போங் பக்கம் கடைக்கு ஓடினேன். அதே மாடல் இருந்தது, ஷேட் எண் வேறு. டைல்ஸ் பெட்டியின் பக்கவாட்டில் மாடல் பெயர் தவிர ஷேட் எண் ஒன்று அச்சிட்டிருப்பார்கள். ஒவ்வொரு முறை சூளையில் சுடும்போதும் நிறம் இம்மி மாறும், சில சமயம் அளவும் ஒரு மில்லிமீட்டர் வரை மாறும். கடையில் குழல் விளக்குக்குக் கீழே வித்தியாசம் தெரியவில்லை. ஒட்டி முடித்த மறுநாள் காலை வாசல் வெயில் உள்ளே விழுந்தபோது தெரிந்தது. வீட்டுக்கார அம்மா சண்டை போடவில்லை. "தம்பி, இங்க வந்து நின்னு பாருங்க. ஒட்டுப் போட்ட புடவை மாதிரி இல்ல?" என்றார். அவர் சத்தம் போட்டிருந்தால்கூட எனக்குத் தாங்கியிருக்கும்.

ஹால் முழுவதையும் உடைத்து எடுத்தோம். புதிய ஷேட்டில் 21 பெட்டி, 1,562 வெள்ளி 40 காசு. இரண்டு ஆள், நாலு நாள், ஆளுக்கு 180, மொத்தம் 1,440. ஒட்டும் சிமெண்டும் மணலும் 320. இடிபாட்டை அள்ள ரோரோ பின் எனும் பெரிய இரும்புத் தொட்டி 450. கூட்டினால் தொடக்கத்தில் சொன்ன 3,772 வெள்ளி 40 காசு. தீபாவளிக்கு நாலு நாள் முன்பு வீட்டை ஒப்படைத்தேன். இடையில் பேசி வைத்திருந்த இன்னொரு வேலை கைவிட்டுப் போனது. இரவில் தூக்கம் வராமல் அந்த அட்டையை எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு நேரத்தில்தான் கண்ணில் பட்டது. 11.10 என்று தட்டினால் போன் அதை 11.1 என்றுதான் எடுத்துக்கொள்கிறது. 11 அடி 1 அங்குலமும் 11 அடி 10 அங்குலமும் அதற்கு ஒன்றே. ஒன்பது அங்குலம், முக்கால் அடி, அந்தப் புள்ளிக்குள் காணாமல் போயிருக்கிறது.

இது எந்தப் பக்கம் இழுக்கும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். 1 முதல் 9 அங்குலம் வரை புள்ளி வைத்துத் தட்டினால் விடை உண்மையைவிடக் கூடும். 6 அங்குலம் அரை அடி, 0.5. தட்டுவதோ 0.6. 9 அங்குலம் 0.75, தட்டுவது 0.9. 10, 11 அங்குலம் வந்தால் மட்டும் தலைகீழாகக் குறையும். 0.833-க்கு 0.10, 0.917-க்கு 0.11. இத்தனை வருடம் நான் மாட்டாமல் இருந்ததற்கு இதுதான் காரணம். பெரும்பாலான வேலைகளில் என் கணக்கு கொஞ்சம் கூடுதலாகவே வந்திருக்கிறது. நாலைந்து கல் மிச்சமானால் யாரும் கேட்பதில்லை, "சேதத்துக்கு விட்டது" என்று போய்விடும். இந்த வீட்டில் ஹால், அறை எல்லாமே 10, 11 அங்குலத்தில் முடிந்தன. பழைய தவறு புதிய திசையில் வெடித்தது. நாம் வாயால் "முக்கால் அடி" என்று சரியாகச் சொல்கிறோம். விரல்தான் 0.9 தட்டுகிறது. கால், அரை, முக்கால், அரைக்கால், வீசம் என்று பின்னத்துக்குத் தனித்தனிப் பெயர் வைத்த மொழி நம்முடையது. டேப்பில் இருக்கும் எட்டில் ஒன்றும் பதினாறில் ஒன்றும் அந்த அரைக்காலும் வீசமும்தான். இந்தச் சொற்களைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தால் அங்குலக் கணக்கு பாதி வந்துவிடும்.

சரியாகத் தட்டுவது எப்படி என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அது இயந்திரத்துக்கு இயந்திரம் மாறும். கடைகளில் இருக்கும் சாதாரண கால்குலேட்டர் தட்டத் தட்டக் கணக்குப் போட்டுக்கொண்டே போகும். அதில் 11 + 10 ÷ 12 என்று தட்டினால் 21-ஐ 12-ஆல் வகுத்து 1.75 காட்டும். அங்குலத்தை முதலில் போட வேண்டும்: 10 ÷ 12 + 11, விடை 11.8333. போனில் உள்ள கால்குலேட்டரைப் படுக்கை வாட்டத்தில் திருப்பினால் பெரும்பாலும் அடைப்புக்குறி கிடைக்கும்: (11 + 10 ÷ 12) x (9 + 11 ÷ 12), விடை 117.35. அடைப்புக்குறியை விட்டால் பெருக்கலையும் வகுத்தலையும் முதலில் முடித்துவிட்டு 19.4 என்று எதையோ காட்டும். பிள்ளைகளின் பள்ளிப் பையில் கிடக்கும் கேசியோ எஃப்எக்ஸ்-570எம்எஸ் இதற்கு அருமையான கருவி. அதில் பின்னத்துக்கென்று ஒரு பொத்தான் உண்டு. 11, பின்னப் பொத்தான், 10, பின்னப் பொத்தான், 12 என்று தட்டினால் 11 அடி 10 அங்குலம் அப்படியே உள்ளே போகும். பெருக்கி முடித்துச் சமக்குறியை அழுத்திய பிறகு பின்னப் பொத்தானை மீண்டும் அழுத்தினால் 117.347 என்று தசமத்தில் காட்டும். ஆனால் இந்தப் பொத்தானைப் பயன்படுத்தவே 10 அங்குலம் என்பது பன்னிரண்டில் பத்து என்று மனத்தில் படிந்திருக்க வேண்டும். பொத்தான் இருக்கிறது, அது எதற்கு என்று தெரியவில்லை என்றால் இருந்தும் என்ன?

தசமத்திலிருந்து அங்குலத்துக்குத் திரும்பி வரும்போதும் இதே குழி உண்டு. ஹாலின் மூலைகள் செங்கோணமாக இருக்கின்றனவா என்று பார்க்க மூலைக்கு மூலை அளப்போம். மூலைவிட்டம் எவ்வளவு வர வேண்டும்? மனக்கணக்கில், 20-க்கு 15 என்றால் 25. மூன்று, நாலு, ஐந்து முக்கோணத்தின் ஐந்து மடங்கு. கால்குலேட்டரில் துல்லியமாகப் போட்டால் 24.817. இதைப் படித்து "24 அடி 8 அங்குலம்" என்று டேப் பிடித்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். 0.817 x 12 = 9.8. ஆகவே 24 அடி, ஒன்பதே முக்கால் அங்குலத்துக்குச் சற்று மேல். ஒன்றே முக்கால் அங்குலம் தவறினால் சுவர் ஓரமாக வெட்டும் கல் ஒரு முனையில் தடித்தும் மறுமுனையில் மெலிந்தும் போகும்.

இப்போது பணக் கணக்குக்கு வருகிறேன், நட்டத்தின் மறுபாதி அங்கே இருக்கிறது. அந்த வீட்டு வேலை முழுவதற்கும், குசினி, போர்ச் எல்லாம் சேர்த்து, என் செலவு 24,000 என்று போட்டேன். இருபது விழுக்காடு லாபம் என்று 1.2-ஆல் பெருக்கி 28,800 சொன்னேன். வீட்டுக்காரர் பத்து விழுக்காடு குறைக்கச் சொன்னார். இருபதில் பத்து போனால் பத்து மிச்சம் என்று ஒப்புக்கொண்டேன். 28,800-இல் பத்து விழுக்காடு 2,880. கையில் வரும் விலை 25,920. லாபம் 1,920. செலவின் மேல் எட்டு விழுக்காடு, விலையில் பார்த்தால் ஏழரைகூட இல்லை. ஏற்றியது 24,000-த்தின் மேல், இறக்கியது 28,800-இலிருந்து. அடித்தளம் மாறிவிட்டால் விழுக்காட்டைக் கூட்டிக் கழிக்க முடியாது. பெருக்கத்தான் வேண்டும்: 1.2 x 0.9 = 1.08. டைல்ஸ் பிழையில் போன 3,772 வெள்ளியோடு இந்த 1,920-ஐ வைத்துப் பாருங்கள். இரண்டு மாத உழைப்புக்கு நான் கைக்காசு 1,852 வெள்ளி 40 காசு கொடுத்திருக்கிறேன்.

விலையில் இருபது விழுக்காடு நிற்க வேண்டும் என்றால் 24,000-ஐ 0.8-ஆல் வகுக்க வேண்டும், 30,000. இதற்குக் கால்குலேட்டரே வேண்டாம், பின்னம் போதும். விலையில் ஐந்தில் ஒரு பங்கு லாபம் வேண்டுமா, செலவின் மேல் நாலில் ஒரு பங்கு ஏற்று. விலையில் நாலில் ஒரு பங்கு வேண்டுமா, செலவின் மேல் மூன்றில் ஒரு பங்கு. மூன்றில் ஒரு பங்கு வேண்டுமா, பாதி. எப்போதும் கீழே இருக்கும் எண்ணில் ஒன்று குறையும். சேவை வரியைப் பிரிப்பதும் இதே கணக்கு. 1,080 வெள்ளிச் சீட்டில் 8 விழுக்காடு வரி அடங்கியிருக்கிறது என்றால், 1,080-இலிருந்து 8 விழுக்காடு கழித்தால் வருவது 993.60. அது தவறு. 1.08-ஆல் வகுத்தால் 1,000. 2024 மார்ச் 1-இல் பெரும்பாலான சேவைகளுக்கு வரி 6-இலிருந்து 8 ஆனது, உணவு, தொலைத்தொடர்பு போன்ற சிலவற்றுக்கு 6 அப்படியே நின்றது. அதனால் எந்தச் சீட்டில் எந்த எண்ணால் வகுப்பது என்பதையும் நாம்தான் பார்க்க வேண்டும்.

விழுக்காட்டுப் பொத்தானைப் பற்றி ஒரு எச்சரிக்கை. 24,000 + 20 % என்று தட்டிப் பாருங்கள். பெரும்பாலான போன்களில் 28,800 வரும். எஃப்எக்ஸ்-570எம்எஸ்ஸில் 120,100 வரும், ஏனென்றால் அந்த மாடல் இரண்டையும் கூட்டிப் பின்னால் உள்ள எண்ணோடு ஒப்பிட்டு விழுக்காடு சொல்கிறது. அதற்குப் பின் வந்த இஎஸ் வகையில் 24,000.2 வரும், அதற்கு % என்றால் நூறால் வகு என்பது மட்டுமே. மூன்றும் பழுதில்லாத இயந்திரங்கள், மூன்றும் தங்கள் விதிப்படி சரியாகவே செய்கின்றன. ஆகவே அந்தப் பொத்தானையே தொடாதீர்கள். 20 கூட்ட 1.2-ஆல் பெருக்குங்கள், 10 குறைக்க 0.9-ஆல் பெருக்குங்கள். எந்த இயந்திரத்திலும் ஒரே விடை.

காங்கிரீட்டில் இதே அங்குலப் பிழை கன அளவில் வரும். 20 அடிக்கு 18 அடி போர்ச், 4 அங்குலக் கனம். 20 x 18 x 4 என்று தட்டி 1,440 வந்தால் யாரும் மாட்ட மாட்டார்கள், ஏதோ தவறு என்று உடனே தெரியும். ஆபத்து 20 x 18 x 0.4-இல் இருக்கிறது. 144 கன அடி என்று நம்பும்படியாக வரும். 4 அங்குலம் அடியில் மூன்றில் ஒரு பங்கு, 360-ஐ மூன்றால் வகுத்தால் 120. கன மீட்டருக்கு 35.3-ஆல் வகுத்தால் 3.4. சிமெண்டு ஒன்று, மணல் இரண்டு, கல் நாலு என்ற கலவையில் கன மீட்டருக்கு 50 கிலோ சிமெண்டு ஆறரை மூட்டைக்குச் சற்றுக் குறைவாகப் போகும், ஆகவே 22 மூட்டை. தவறான கணக்கில் 26. பத்து மடங்குப் பிழை தன்னைத் தானே காட்டிக் கொடுத்துவிடும். பத்து, இருபது விழுக்காட்டுப் பிழைதான் காகிதத்தில் சாதுவாக உட்கார்ந்து காசைத் தின்னும்.

சதுர மீட்டருக்கு மாற்றும்போது 3.28-ஆல் வகுப்பவர்கள் நிறையப் பேர். அது நீளத்துக்கு. பரப்புக்கு இரண்டு முறை வகுக்க வேண்டும், 10.76. நம் ஊரில் வீட்டை விற்பது சதுர அடியில், டைல்ஸ் பெட்டியில் அச்சிடுவது சதுர மீட்டரில், அதனால் இது தினமும் வரும். மனக்கணக்கில், பத்தால் வகுத்து அதில் ஏழு விழுக்காடு குறைத்தால் போதும். 553 சதுர அடி என்றால் 55.3, அதில் 3.9 போனால் 51.4 சதுர மீட்டர்.

நட்டத்துக்குப் பிறகு வேன் ஒன்று தவணையில் எடுக்கப் போனபோதுதான் இன்னொன்று உறைத்தது. 40,000 வெள்ளி, 3.5 விழுக்காடு, ஐந்து வருடம். தட்டினால் வட்டி 7,000, மாதம் 783 வெள்ளி 33 காசு. கணக்கு சரி. ஆனால் இது கடைசி வருடம் வரை முழு 40,000-க்கும் போடும் நிலையான வட்டி. பாதிக் கடன் கட்டி முடித்த பிறகும் வட்டி முழுத் தொகைக்கே. குறைந்துகொண்டே வரும் பாக்கிக்கு வட்டி போடும் வீட்டுக் கடனோடு ஒப்பிட்டால் இந்த 3.5 உண்மையில் ஏறத்தாழ 6.5. இந்த இரண்டு விழுக்காடும் வேறு வேறு சாதி என்பதைத் திரை சொல்லாது. நிலையான வட்டி என்று சொன்னால், சராசரியாக நம் கையில் இருக்கும் கடன் பாதிதான், ஆகவே உண்மை வட்டி இரட்டிப்புக்குக் கொஞ்சம் கீழே என்று மனத்தில் போட்டுக்கொண்டு பேச உட்காருங்கள்.

பிள்ளைகள் விஷயம். ஐந்தாம் படிவத்தில் எழுதும் எஸ்.பி.எம். தேர்வின் கணிதத் தாளில் அறிவியல் கால்குலேட்டர் கொண்டுபோக அனுமதி உண்டு, நிரல் ஏற்றக்கூடிய வகை மட்டும் ஆகாது. அதை நான் குறை சொல்லவில்லை. ஆறு இலக்க எண்ணை நீள வகுத்தல் செய்வதும், கையால் வர்க்கமூலம் எடுப்பதும், எங்கள் காலத்து நாலிலக்க சிஃபிர் (கணித அட்டவணை) புத்தகத்தைப் புரட்டி மடக்கை பார்ப்பதும் இன்று யாருக்கும் தேவையில்லை. அந்த நேரம் மிச்சம், நல்லதுதான். ஆனால் அந்த அனுமதியைப் பார்த்து, ஆரம்பப் பள்ளியிலேயே வீட்டுப்பாடத்துக்குப் போனைக் கொடுத்துவிடுகிறோமே, அங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது. பன்னிரண்டு வரை வாய்ப்பாடு, பின்னத்திலிருந்து தசமம், விழுக்காடு எதன் மேல் என்ற தெளிவு, கிட்டிய விடையை முன்கூட்டிச் சொல்வது, இந்த நாலும் கால்குலேட்டர் வந்ததால் இன்னும் அதிகமாகத் தேவைப்படுகின்றன. கையால் போட்டபோது ஒவ்வொரு வரியிலும் எண்ணைப் பார்த்துக்கொண்டே வந்தோம், தவறு வழியிலேயே கண்ணில் படும். இப்போது நடுவில் ஒன்றும் தெரியாது, முடிவு மட்டும்தான் தெரியும். அந்த முடிவைச் சந்தேகிக்க ஓர் எண் மனத்தில் முன்கூட்டியே இருக்க வேண்டும்.

வீட்டில் பழக்க நாளுக்குப் பத்து நிமிடம் போதும். டேப்பைக் கொடுத்து அறையை அளக்கச் சொல்லுங்கள், அடி அங்குலத்தில். முதலில் வாயால் விடை, பிறகுதான் போன். இரண்டுக்கும் வித்தியாசம் வந்தால் எது தவறு என்று பிள்ளையே கண்டுபிடிக்கட்டும், நீங்கள் சொல்லிவிடாதீர்கள். அங்குலத்துக்குத் தசமம் மனப்பாடம் செய்ய நாலு எண்ணைப் பிடித்தால் மற்றவை தானாக வரும்: 3 என்றால் 0.25, 4 என்றால் 0.333, 6 என்றால் 0.5, 9 என்றால் 0.75. மற்றதற்கெல்லாம் ஓர் அங்குலத்துக்கு 0.083 கூட்டவோ கழிக்கவோ செய்தால் போதும். 10 அங்குலம்? 0.75-உம் 0.083-உம், 0.833. நாலாம் படிவம் வந்துவிட்ட பிள்ளை கோணக் கணக்குப் போடுவதற்கு முன் சைன் 30 தட்டிப் பார்க்கட்டும். 0.5 வந்தால் பாகையில் இருக்கிறது. -0.988 வந்தால் ரேடியன் என்ற வேறு கோண அளவுக்கு யாரோ மாற்றி வைத்திருக்கிறார்கள்.

என் அளவுப் புத்தகம் இப்போது மாறிவிட்டது. புள்ளி கிடையாது, 11' 10" என்று ஒற்றைக் குறி இரட்டைக் குறிதான். ஒவ்வொரு அறைக்கும் நாலு கட்டம். டேப் காட்டிய அளவு, அதை முழு அடிக்குத் திருத்திய அளவு, மனக்கணக்கு விடை, கால்குலேட்டர் விடை. மூன்றாவது கட்டம் நிரம்பாமல் நாலாவதை எழுதுவதில்லை. பிறகு கல் எண்ணிக்கையிலும் ஒருமுறை பார்ப்பேன். ஹால் 238 அங்குலம், கல் இடைவெளியோடு 23.7 அங்குலம், ஒரு வரிசைக்குப் பத்துக் கல்லும் ஒரு கீற்றும். மறுபக்கம் 179 அங்குலம், ஏழரைக்குச் சற்று மேல், ஆகவே எட்டு வரிசை. எட்டு பத்து எண்பது, கீற்றை வெட்டு மிச்சத்தில் எடுத்தால் இருபது, இருபத்தோரு பெட்டி. பரப்பளவுக் கணக்கும் இதே எண்ணுக்கு வந்தால்தான் கடைக்கு ஆர்டர்.

சரக்கு வந்து இறங்கியதும் பிரிப்பதற்கு முன் எல்லாப் பெட்டியிலும் ஷேட் எண் ஒன்றா என்று பார்த்துப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஒட்டும்போது ஒரே பெட்டியைக் காலி செய்யாமல் மூன்று நாலு பெட்டியிலிருந்து மாற்றி மாற்றி எடுக்கச் சொல்லுங்கள். முதல் அறை முடிந்ததும் எத்தனை பெட்டி போயிற்று என்று எண்ணுங்கள். கணக்கில் போட்டதைவிட ஒரு பெட்டி கூடப் போயிருந்தாலும் வேலையை நிறுத்திவிட்டுக் கடைக்குப் போன் போடுங்கள், அந்த ஷேட் அப்போது இன்னும் கடையில் இருக்கும்.